சினிமாக் கொப்பி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனுஜா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அலைபேசியில் ஒரு செய்தி வந்தது. சிவதர்சினி அனுப்பியிருந்தாள்.

"செவ்வாய் தொடக்கம் மூண்டு நாள் நுவரெலியாவில பயிற்சி. செவ்வாய் பின்னேரம் உன்ர வீட்ட வரட்டோ? உன்ர கையால சாப்பிட்டு எத்தின வருசம்."

தனுஜா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அலைபேசியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பானையைப் பார்த்தாள். கஞ்சியோடு கொஞ்சம் சோறும் தொட்டிக்குள் போயிருந்தது.

"யாரு?" என்றான் அவள் கணவன் லோஜன்.

"தர்சினி அக்கா. செவ்வாக்கெழம வர்றாங்களாம்."

"நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

அவள் தொட்டிக்குள் விழுந்த சோற்றை அள்ளினாள். லோஜன் லிந்துலை பஜாரில் த்ரீவீல் ஓட்டுகிறவன். சிவதர்சினியை அவன் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் அவன் வாரத்தில் ஒரு நாளாவது அவளை நினைக்காமல் இருந்ததில்லை. அந்த வீட்டில் வேலை நாட்களில் அலுப்பாக இருந்தால் ரொட்டி சுட்டு, அதைப் பிய்த்து, யாழ்ப்பாணத்துத் தேங்காய்ப்பால் சொதியில் ஊறப்போட்டுச் சாப்பிடுவார்கள். அதற்கு லோஜன் வைத்த பெயர் டீச்சர் ரொட்டி. கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள்கூட லீவில் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பாள்.

அந்த டீச்சர்தான் சிவதர்சினி.

2003 ஜனவரியில் இரண்டு பேரும் ஒரே நாளில் லிந்துலைக்கு வந்தார்கள். தனுஜாவுக்கு இருபத்து மூன்று வயது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து, முதல் நியமனம் பெற்று வந்தவள். சிவதர்சினி அவளைவிட நான்கு வயது மூத்தவள்; சாவகச்சேரிக்காரி, கணித ஆசிரியை. அவளுக்கும் அது முதல் நியமனம். ஸுஹைர் நானாவின் கடைக்கு மேலே ஓர் அறை வாடகைக்கு இருந்தது. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.

"நீர் எந்த இடம்?" என்று முதல் நாள் சிவதர்சினி கேட்டபோது தனுஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நீர்' என்று ஒருவரை அழைப்பதைப் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் அவள் கண்டிருந்தாள். மூன்று மாதத்தில் அது 'நீ' ஆனது. தனுஜா கடைசிவரை 'வாங்க, போங்க' தான்.

சமையல் ஆளுக்கொரு நாள். முதல் வாரம் சண்டையிலேயே போனது. தனுஜா வைத்த கட்டசம்பலின் உறைப்பில் சிவதர்சினி கண்ணீர் விட்டாள். சிவதர்சினி வைத்த சொதியைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்து, "இது என்னாக்கா, தண்ணிக் கொழம்பு?" என்று கேட்டாள் தனுஜா. போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்து போயிருப்பதைக் கண்டு சிவதர்சினி பயந்தேபோனாள். எண்ணெய் உறையும் ஊரில் மனிதர் எப்படி இருப்பது என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். காலையில் போத்தலை அடுப்பருகே வைத்து உருக்கிய பின்தான் தாளிக்க வேண்டும் என்று தனுஜா காட்டிக்கொடுத்தாள்.

ஒரு மழை நாள். இரண்டு பேரும் நனைந்து வந்தார்கள். அடுப்பில் மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது காலையில் சுட்ட நான்கு ரொட்டியும் அரைச்சட்டி சொதியும். ரொட்டி கல்லாய் இறுகிக் கிடந்ததால் சிவதர்சினி அதைப் பிய்த்துச் சொதிக்குள் போட்டாள். அன்றைக்குப் பிறகு சமையலில் சண்டை வரவில்லை.

வெள்ளிக்கிழமை சமையல் கிடையாது. படம்தான். ஸுஹைர் நானா கடையில் அரிசி, மா, குடை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் விற்பார். பின்சுவரில் சினிமாப் பட சீடிக்களை அடுக்கி வாடகைக்கும் விடுவார். மேசையின் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் மனைவி றம்ஸியா கிண்டிய மஸ்கட் இருக்கும். சிவப்பாய், எண்ணெய் மின்ன, முந்திரிப் பருப்பு பதித்த துண்டுகள். தட்டின் ஓரத்துத் துண்டு சற்று இறுகி இழுபடும். அதை வேறு யாரும் வாங்குவதில்லை என்று சொல்லி நானா இந்த இருவருக்கும் எடுத்து வைப்பார். உண்மையில் அவர்களுக்கு அந்த ஓரத்துண்டுதான் பிடிக்கும். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய பதினாலு அங்குலத் தொலைக்காட்சிக்கு முன்னால், ஒரே போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, மஸ்கட்டைக் கடித்துக் கடித்துப் படம் பார்த்தார்கள். சின்னவளாய் இருந்தபோது தோட்டத்துக் கோயில் திருவிழாவில் திரை கட்டிப் போட்ட படங்களைத் தவிர தனுஜா அதிகம் பார்த்ததில்லை. சிவதர்சினிக்கும் அப்படித்தான், அவள் வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இருக்கவில்லை.

பார்த்த படங்களையெல்லாம் சிவதர்சினி தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தாள். கணித ஆசிரியை அல்லவா, படத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவாள். பக்கத்தில் குறிப்பு இருக்கும்.

'அடிக்க வந்தவர் 12. விழுந்தவர் 14. பத்துப் புள்ளி குறைக்கப்பட்டது. இரவுச் சாப்பாடு: பாணும் பருப்பும். மஸ்கட் ஆளுக்கு இரண்டு. தனு அழுதது: ஒரு தரம்.'

மூன்றரை வருடத்தில் அந்தக் கொப்பி முக்கால்வாசி நிறைந்தது.

2005இல் சிவதர்சினியின் தம்பி கஜதீபன் ஒருமுறை வந்து பத்து நாள் இருந்தான். சமாதான காலம், வடக்குக்குப் போகும் பாதை திறந்திருந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவும் அவனும் அப்போது கிளிநொச்சியில் உறவினர் வீட்டில் இருந்தார்கள். ஸுஹைர் நானா அவனுக்குக் கடையின் பின்னறையில் படுக்க இடம் கொடுத்தார். சாப்பாட்டுக்கும் படத்துக்கும் மேலே வந்துவிடுவான்.

2006 ஆகஸ்ட் விடுமுறைக்குச் சிவதர்சினி கிளிநொச்சி போனாள். அங்கே இருக்கையில் சண்டை தொடங்கவும் பாதையை மூடிவிட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை. இரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவளுடைய பயணப் பை கட்டிலுக்குக் கீழே இருந்தது. கடிதங்கள், சான்றிதழ்ப் பிரதிகள், இரண்டு சேலை, சினிமாக் கொப்பி. தனுஜா அந்தப் பையைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

2008இல் ஒரு நாள், பாடசாலை விடுமுறை, காலை பத்து மணியிருக்கும். ஸுஹைர் நானா பாதிப் படிவரை ஏறி வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், ஆமிக்காரங்க கீழ் ரோட்லேருந்து ஒவ்வொரு ரூமா செக் பண்ணிக்கிட்டு வாராங்க. யாழ்ப்பாண டீச்சர்ட சாமான் ஏதும் இருந்தா யோசிச்சுக்கங்க."

அதற்கு முந்திய வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு இளைஞர்களைப் புலிச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். யாரோ எழுதிய ஒரு வடக்கு முகவரி அவர்களுடைய சட்டைப்பையில் இருந்ததாம். தனுஜா பையை இழுத்தாள். கிளிநொச்சி முகவரி எழுதிய உறைகள் மேலேயே இருந்தன. எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. சேலைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே குளிக்கத் தண்ணீர் வைக்கும் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அதற்குள் போட்டாள். கொப்பியின் தடித்த அட்டைதான் எரிய நேரமெடுத்தது. விறகுக் கட்டையால் தள்ளித் தள்ளி எரித்தாள்.

வந்தவர்கள் கடை வாசலில் நின்று நானாவிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேலே ஏறவேயில்லை. அன்றைக்கு அந்த அடுப்பில் கொதித்த தண்ணீரில் தனுஜா குளிக்கவில்லை. கீழே ஊற்றிவிட்டாள்.

பல வருடங்கள் கழித்து, 2016இல், பேஸ்புக்கில் சிவதர்சினி அவளைக் கண்டுபிடித்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று அறிந்து தனுஜா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கஜதீபன் 2009இல் ஷெல் வீச்சில் போய்விட்டான். அம்மா அதற்கு ஆறு வருடங்களுக்குப் பிறகு. சிவதர்சினி இப்போது சாவகச்சேரியில், தனியாக, ஆசிரிய ஆலோசகராக வேலை செய்கிறாள். அதன் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் தனுஜா பையைப் பற்றிப் பேச்சு வருமோ என்று பயந்துகொண்டே பேசினாள். வராமல் பேச்சு முடிந்ததும் பெருமூச்சு விட்டாள். லோஜனிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் ஓடிவந்து சமைக்கத் தொடங்கினாள். லோஜன் மத்தியானத்தோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தேங்காய் துருவிக் கொடுத்தான். முட்டைக்கோவா வறை, டின்மீன் குழம்பு, ரொட்டி, சொதி. பஜாரில் ஸுஹைர் நானா இப்போது இல்லை. கடையை மகள் இல்மா பார்க்கிறாள். வாடகைக்குப் படம் கொடுத்த சுவரில் அலைபேசி உறைகள் தொங்குகின்றன. மஸ்கட் மட்டும் இன்னும் வீட்டில்தான் கிண்டுகிறார்கள். தனுஜா அரைக்கிலோ வாங்கி வைத்திருந்தாள்.

ஐந்து மணிக்குச் சிவதர்சினி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலை நரைத்திருந்தது. இடது காலைச் சற்று இழுத்து நடந்தாள். கையில் ஒரு பை நிறையப் பனங்கட்டி, பருத்தித்துறை வடை, நல்லெண்ணெய்ப் போத்தல்.

"நீ கொஞ்சம் கொழுத்திட்டாய்," என்றாள். "நல்லாயிருக்கு."

தனுஜா அவளைக் கட்டிக்கொண்டாள்.

சிவதர்சினி தரையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்து, காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டாள். ரொட்டியைப் பிய்த்துச் சொதியில் போடுவதை லோஜன் பார்த்துச் சிரித்தான்.

"டீச்சர், இது ஒங்க பேருலதான் எங்க வீட்ல ஓடுது."

"என்ர பேரிலயோ? மாவும் இவள், கையும் இவள். நான் தண்ணிக் கொழம்பு மட்டுந்தான்."

மூவரும் சிரித்தார்கள். ஆசிரியர் பயிற்சி பற்றி, இப்போதுள்ள பிள்ளைகள் கணக்கில் காட்டும் சோம்பல் பற்றி, தனுஜாவின் மகளைப் பற்றி எல்லாம் பேசினார்கள். இப்போதெல்லாம் படம் பார்ப்பதுண்டா என்று தனுஜா கேட்டாள். போனில் பார்ப்பதுண்டு, ஆனால் பாதியில் நித்திரையாகிவிடுவேன் என்றாள் சிவதர்சினி. வயிறு நிறைந்த பிறகு மஸ்கட்டில் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"தனு, என்ர பை வச்சிருக்கிறியோ? மற்றதெல்லாம் போகட்டும். அந்தச் சினிமாக் கொப்பி வேணும். தம்பியின்ர படம் ஒண்டு அதுக்குள்ள வச்சனான். இஞ்ச வந்து நிண்டபோது பஜாரில ஸ்ரூடியோவில எடுத்தது. அவன்ர படம் எண்டு என்னட்ட வேற ஒண்டும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தனுஜா ஒரு பொய்யைத் தயாராக்கி வைத்திருந்தாள். வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொல்ல நினைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. தொலைந்தது என்றால் தேடச் சொல்வாள். இன்னும் இருபது வருடம் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருப்பாள்.

"அக்கா, அது இல்லங்க்கா. நான் எரிச்சிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். நானா படியேறி வந்தது, உறைகள், அடுப்பு, விறகுக் கட்டை. லோஜன் சாப்பாட்டுக் கையோடு அப்படியே இருந்தான்.

சிவதர்சினி கையிலிருந்த மஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "கொப்பியைத் திறந்து பாத்தியோ?" என்றாள்.

"பாக்கல. தொறக்கவே இல்ல. தொறந்திருந்தா போட்டோவையாவது எடுத்து மறச்சிருப்பேன்."

"ஓம்."

கையிலிருந்த மஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. வந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஒவ்வொரு இடமா ஓடேக்க ஒவ்வொண்டா விட்டிட்டு வந்தனாங்கள். கடைசியில உடுத்த உடுப்போட நிண்டம். அப்பவும் ஒண்டை மட்டும் நினைச்சனான். லிந்துலையில ஒரு கட்டிலுக்குக் கீழ தம்பியின்ர முகம் இருக்கு, அது பத்திரமா இருக்கெண்டு." லோஜனைப் பார்த்தாள். "என்னைப் பஸ்ஸில ஏத்தி விடுறீங்களோ?"

"நானே நுவரெலியாவுல கொண்டுபோய் விடுறேங்க."

வாசலில் தனுஜா அவள் கையைப் பிடித்தாள். சிவதர்சினி கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

லோஜன் திரும்பி வந்தபோது தனுஜா எச்சில் தட்டுகளுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"வழியெல்லாம் பேசல. எறங்கும்போது, தம்பி, ஜெர்சி போட்டு ஓட்டுங்க, குளிர்னு சொன்னாங்க." அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "அன்னிக்கு நான் அந்த ரூம்ல இருந்திருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். அதுல ஒன்னும் இல்ல. ஆனா இவ்வளவு நாளா சொல்லாம வச்சிருந்தியே, அதுதான் தப்பு. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அழுகை இன்னும் கூடியது.

புதன்கிழமை சிவதர்சினியிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டுத் தனுஜா மூன்று செய்தி அனுப்பினாள். படித்ததற்கு அடையாளமான நீலக் கோடு மட்டும் விழுந்தது. பாடசாலையில் கரும்பலகையில் தேதியைத் தப்பாக எழுதினாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, முந்திய நாள் மிச்சமிருந்த கோவா வறையைச் சூடாக்கி, போஞ்சி நறுக்கத் தொடங்கினாள். அந்த முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். பத்தொன்பது வயதுக் கஜதீபன். மெலிந்த கழுத்து. முன்பல்லில் ஒரு சின்ன உடைவு. அவளுக்கு அந்த முகம் நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பத்து நாளில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்து பாடசாலைக்குப் போகாமல் படுத்திருந்ததும் ஞாபகம் வந்தது. அன்று நடந்ததும் ஞாபகம் வந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, நாளைக்கு நான் அரைநாள் லீவு போடுறேன். நுவரெலியாவுக்குப் போறேன்."

"அவங்க பேசுவாங்கன்னு நெனைக்கிறியா?"

"பேசாட்டிப் போகட்டும். எங்கிட்ட அவங்களுக்குக் குடுக்க வேண்டியது ஒன்னு இருக்கு. மறந்தே போயிருந்தேன்."

வியாழக்கிழமை நுவரெலியாவில் பனிமூட்டம். பயிற்சி நடந்த மண்டபத்தின் வாசலில் தனுஜா குடைக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றாள். இரண்டரை மணிக்கு ஆசிரியர்கள் வெளியே வந்தார்கள். சிவதர்சினி கையில் பயணப் பையோடு கடைசியாக வந்தாள். அவளைக் கண்டு நின்றாள்.

"நான் நாலு மணிக் கண்டி பஸ்ஸைப் பிடிக்கோணும்," என்றாள்.

"நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்குங்க்கா. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம். ஒன்னு சொல்லணும். மன்னிப்புக் கேக்க வரல."

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. இருவரும் கண்ணாடியோரம் உட்கார்ந்தார்கள். இரண்டு பிளேன்டியும் மீன் வைத்த இரண்டு மாலுபணிசும் வந்தன. சிவதர்சினி தொடவில்லை.

"கஜதீபன் தம்பி வந்தப்ப எனக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிச்சிச்சே, ஞாபகம் இருக்கா?" என்று தனுஜா தொடங்கினாள். "நீங்க ஸ்கூலுக்குப் போயிட்டீங்க. தம்பிதான் எனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தாரு. கொத்தமல்லி போட்டுத் தண்ணி காய்ச்சிக் குடுத்தாரு. நான் போத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். அவரு கீழ போயி நானா கடையில ஒரு புதுப் படம் எடுத்துட்டு வந்து, சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு."

சிவதர்சினி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுல ஒரு பொண்ணு தூரத்து ஊர்ல வேல பாக்குது. அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். பொண்ணு வந்து சேர்றதுக்குள்ள அம்மா செத்துப்போயிருவாங்க. அந்த எடம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் தம்பி படத்த நிறுத்திட்டாரு. திரும்பிப் பாத்தா, நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன். அவரு கண்ணெல்லாம் செவந்திருக்கு. அடுப்புப் பொகன்னு சொன்னாரு. அடுப்பு எரியவே இல்ல."

"பிறகு?"

"'தனு அக்கா, இந்தப் படத்தை அக்கா பாக்கக் கூடாது'ன்னு சொன்னாரு. அப்ப ஒங்க அம்மாவுக்கும் நெஞ்சு வருத்தம்தானே. 'அவ இஞ்ச தனிய இருக்கிறவ. இதைப் பாத்தா ஒவ்வொரு நாளும் இதைத்தான் நினைப்பா'ன்னாரு. நேரா கீழ போயி ஸுஹைர் நானாகிட்டச் சொல்லிட்டாரு. சிவதர்சினி டீச்சர் எப்பக் கேட்டாலும் அந்தப் படம் வெளிய போயிருக்குன்னு சொல்லணும்னு. நானா மொதல்ல சிரிச்சாராம். அன்னிக்கு லொறியில வந்த மா மூட்டையெல்லாம் தம்பிதான் எறக்கிக் குடுத்தாரு. நானா சத்தியம் பண்ணிக் குடுத்துட்டாரு. தம்பி எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

சிவதர்சினி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். நெற்றி சுருங்கியது. எதையோ எண்ணிப் பார்ப்பது போலிருந்தது.

"நான் அந்தப் படத்தை எத்தின தரம் கேட்டனான் தெரியுமோ? ஸ்ராஃப் ரூமில எல்லாரும் பாத்திட்டினம். கேட்டால், 'இப்பத்தான் டீச்சர், ஒருத்தர் கொண்டு போனார்' எண்டுவார் நானா. ஒரு வருசமா. அவரோட சண்டை பிடிச்சிருக்கிறன். ஒரு சீடியை ஒழுங்கா வச்சு நடத்தத் தெரியேல்லை எண்டு பேசிப்போட்டு வந்தனான்."

"தெரியும். நான் அப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

"அந்த மனிசனும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"அவரு சாகுற வரைக்கும் சொல்லலங்க்கா."

சிவதர்சினி சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. கடைக்காரர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சிவதர்சினி கேட்டாள்:

"வேற என்ன செய்தவன்? அந்தப் பத்து நாளில நான் ஸ்கூலுக்குப் போன நேரத்தில? சொல்லு. சின்னதெண்டாலும் சொல்லு."

தனுஜா ஞாபகம் வந்ததெல்லாம் சொன்னாள். கஞ்சிக்கு உப்புப் போட மறந்து, பிறகு இரண்டு தரம் போட்டது. மாடிப் படியில் உட்கார்ந்து றம்ஸியாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தது. றம்ஸியாவை மற்றவர்கள் 'தாத்தா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, கிழவரைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தது. அங்கே அக்காவைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டது. சொல்லிக்கொண்டே போகையில் அவளுக்கே தெரியாமல் உள்ளே கிடந்தவை ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சிவதர்சினி குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கேட்டாள். பிளேன்டி ஆறிப்போயிற்று. கடைக்காரர் கேட்காமலே வேறு இரண்டு கொண்டுவந்து வைத்தார்.

"அந்தப் படம் இப்ப போன்ல கெடைக்கும் அக்கா," என்றாள் தனுஜா. "பேரு எனக்கு ஞாபகம் இருக்கு. வேணும்னா அனுப்புறேன்."

சிவதர்சினி தலையை ஆட்டினாள்.

"வேண்டாம். தம்பி பாக்க வேண்டாம் எண்டவன்."

இருவரும் மாலுபணிசைத் தின்றார்கள். உள்ளே மீன் உறைப்பாக இருந்தது. சிவதர்சினிக்கு இப்போது உறைப்புப் பழகிப் போயிருந்தது.

நாலு மணிக்குக் கண்டி பஸ் வந்து நின்றது. பயணப் பையைத் தனுஜா தூக்கி வந்து படியில் வைத்தாள். சிவதர்சினி ஏறுவதற்கு முன் அவள் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கோவம் இன்னும் இருக்கு. சொல்லிப்போட்டன். தம்பியின்ர படம் போனது போனதுதான்."

"தெரியும் அக்கா."

"ஆனா நீ பயந்தது எனக்கு விளங்கும். எனக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்?" பையைப் பிடித்துக்கொண்டாள். "டிசம்பர் லீவில வருவன். ஒரு கிழமை நிப்பன். உன்ர மனிசனிட்ட இப்பவே சொல்லி வை."

பஸ் புறப்பட்டுத் திருப்பத்தில் மறையும் வரை தனுஜா நின்றாள். பிறகு எதிர்ப்பக்கம் போய்த் தலவாக்கலை பஸ்ஸில் ஏறி, நானுஓயா வளைவுகளில் கண்ணயர்ந்து, கண்டக்டர் எழுப்பிய பிறகு லிந்துலையில் இறங்கினாள்.

வீட்டில் லோஜன் பருப்பை வேகவைத்து, பாண் வாங்கி வைத்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்து கேட்டான்.

"பேசினாங்களா?"

"பேசினாங்க. கோவம் போகல. டிசம்பர்ல வந்து ஒரு வாரம் இருப்பாங்களாம்."

"அப்ப அந்தப் பின் ரூமுக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கணும்," என்றான் லோஜன். "அவங்களுக்கு இந்தக் குளிர் தாங்காது."

தனுஜா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பருப்பைத் தாளிக்கக் கடுகுப் போத்தலை எடுத்தாள்.